ஏர்பிரஷ்ஷில் முகம் தீட்டுவது: நிறம் ஏன் சாய்கிறது, எப்படிப் பிடித்து நிறுத்துவது?

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் இன்னும் கையால் முகம் தீட்டித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். காலமான தகப்பனார் படம், உடற்பயிற்சிக்கூடச் சுவரில் அம்பேத்கர், பைக் டேங்கில் குழந்தை முகம் என்று வேலை வந்துகொண்டுதான் இருக்கிறது. பேனர் ஓவியர்களின் பிழைப்பை ஃப்ளெக்ஸ் கொண்டுபோன பிறகு, அந்த இடத்தில் சிலர் ஏர்பிரஷ்ஷை, அதாவது கம்ப்ரசர் அழுத்தித் தரும் காற்றால் பெயிண்டை மெலிதாகத் தெளிக்கும் பேனா போன்ற கருவியை, கையில் எடுத்திருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் வந்து முட்டுகின்றன: "அண்ணா, கிண்ணத்தில் ஒரு நிறம், பலகையில் வேறு நிறம், காய்ந்ததும் மூன்றாவது நிறம். ஏன்?" அந்தக் கேள்வியையும் அதைச் சுற்றி வருகிறவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். சொல்வது பெரும்பாலும் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் பெயிண்டுக்குப் பொருந்தும்.

நிறம் சாய்வது ஒரே கோளாறா, பல கோளாறுகளா?

பல. எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிப் பேசுவதால்தான் நோய் ஒன்று, மருந்து வேறு என்று ஆகிவிடுகிறது. வெளிர் நிறத்தை இருட்டின் மேல் தெளிக்கும்போது நீலத்துக்குப் போவது ஒரு வகை. மெல்லிய அடுக்குகள் ஏற ஏற மஞ்சள் ஆரஞ்சாகி, ஆரஞ்சு செம்பழுப்பாவது இன்னொரு வகை. ஈரத்தில் தெரிந்த நிறம் காய்ந்ததும் இருளுவது, கடைசியில் மேலே போடும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட் அடித்ததும் மேலும் இருளுவது என்று இரண்டு உண்டு. பெயிண்டில் ஒரு மாற்றமும் இல்லாமல், பக்கத்து நிறத்தாலோ ட்யூப்லைட்டாலோ கண் ஏமாறுவதும் உண்டு. முகப்படத்தை அதிகம் கெடுப்பது முதல் வகைதான். ஆகவே அதற்கே அதிக இடம் ஒதுக்குகிறேன்.

பழுப்பு நிறத்தின் மேல் வெள்ளை தெளித்தால் ஏன் நீலமாகிறது?

பாட்டிலில் நீலம் ஒரு துளிகூட இல்லை என்பது உண்மை. நீலம் வருவது ஒளியிலிருந்து. கடையில் கிடைக்கும் வெள்ளை ஏறக்குறைய எல்லாமே டைட்டானியம் டையாக்சைடு. பாட்டிலின் பின்னால் பி.டபிள்யூ.6 என்று அதன் நிறமிக் குறியீட்டைப் போட்டிருக்கும். அதன் துகள் ஒரு மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கில், கால் பங்கு அளவுதான் இருக்கும். ஒளியை வளைக்கும் திறன் அந்தத் துகளுக்கு 2.7 என்றால், அதைச் சுற்றியிருக்கும் அக்ரிலிக் பசைக்கு 1.5 அளவுதான். இந்த வித்தியாசத்தால்தான் ஒளி சிதறி நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது.

துகள்கள் நெருக்கமாக, கனமாக இருந்தால் எல்லா நிற ஒளியும் சேர்ந்து திரும்பி வரும். வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். ஏர்பிரஷ் போடுவதோ மெல்லிய திரை. மெல்லிய திரையில் நீல ஒளி கூடுதலாகச் சிதறித் திரும்புகிறது. சிவப்பும் மஞ்சளும் உள்ளே போய்விடுகின்றன. கீழே வெள்ளைத் தளம் இருந்தால் உள்ளே போன ஒளியும் மோதித் திரும்பும், கணக்கு சரியாகிவிடும். கீழே கரும்பழுப்பு இருந்தால் போன ஒளி போனதுதான். மிச்சமாகத் திரும்புவது நீலம் மட்டும்.

ஊதுபத்தியைக் கொளுத்தி, அதன் புகையைக் கறுப்புத் துணிக்கு முன்னால் பாருங்கள், நீலமாகத் தெரியும். அதே புகையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள், பழுப்பாகத் தெரியும். புகை ஒன்றுதான், பின்னால் இருப்பது மாறியிருக்கிறது. பலகையில் நடப்பதும் அதே இயற்பியல்.

வெள்ளைக்கு மட்டுமே இந்தக் குணம் என்று நினைக்க வேண்டாம். 'தோல் நிறம்' என்று கலந்து விற்கும் பாட்டில்களில் வெள்ளை இருக்கிறது. நாமே பழுப்பில் வெள்ளை கலந்து வெளிர்ப்பித்தாலும் அதே கதைதான். கன்னத்துக்கு அடிக்கும்போது ஓரமாகப் பறக்கும் தூசித்தெளிப்பு தாடியின் மேலும் தலைமுடி ஓரத்திலும் படிந்து, அங்கே ஒரு சாம்பல்நீல மூட்டத்தை உண்டாக்குகிறதே, அதற்கும் காரணம் இதுதான். வெளிர் நிறம் அடிக்கும்போது பக்கத்து இருட்டை ஒரு அட்டைத் துண்டால் மறைத்துப் பிடியுங்கள். கையில் இருக்கும் கைபேசி உறை அட்டைகூடப் போதும்.

அப்படியானால் வெளிச்சத்தை எப்படிக் கொண்டுவருவது?

கொண்டுவராதீர்கள், முதலிலிருந்தே விட்டுவையுங்கள். ஏர்பிரஷ் முகப்படத்தில் நான் பிடிவாதமாகச் சொல்வது இது ஒன்றைத்தான். வெள்ளைத் தளத்தில் தொடங்கி, டிரான்ஸ்பரன்ட் நிறங்களை, அதாவது அடியில் இருப்பதை மறைக்காத நிறங்களை, அடுக்கிக்கொண்டே இருளுக்குப் போக வேண்டும். மூக்கு நுனியின் வெளிச்சம் என்பது அங்கே நாம் குறைவாக அடித்திருக்கிறோம் என்பதுதான்.

கைதவறி அதிகம் அடித்துவிட்டால் அழிக்கலாம். வழவழப்பான, கெட்டியான பிரைமர் (அடிப்பூச்சு) போட்ட பலகையென்றால் மை அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்தாலும், சர்ஜிக்கல் பிளேடு நுனியால் சுரண்டினாலும் அடித்தளத்தின் வெள்ளை திரும்ப வரும். தாடி நரை, புருவத்தின் ஒற்றை முடி, தோலின் துளைகள் இவற்றுக்கெல்லாம் பிளேடுதான் கை. கேன்வாஸில் இந்த வேலை நடக்காது. நெசவு பிளேடைப் பிடித்து இழுக்கும். முகப்படத்துக்குப் பலகையையே நான் சிபாரிசு செய்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

வெள்ளை வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்ணின் ஒளிப்புள்ளி, கீழுதட்டின் ஈரம், மூக்குத்தியின் மினுக்கு இவற்றுக்கு வேண்டும். அங்கேயும் ஏர்பிரஷ் திரையாக இல்லாமல், சிறு தூரிகையால் கனமாக ஒரு புள்ளி வையுங்கள். தெளித்தே ஆகவேண்டும் என்றால் வெள்ளையில் டிரான்ஸ்பரன்ட் ஆரஞ்சோ மஞ்சளோ ஓரிரு துளி விட்டுக்கொள்ளுங்கள். கிண்ணத்தில் பார்க்க அது அசிங்கமான பாலாடை நிறமாகத்தான் இருக்கும். இருட்டின் மேல் விழுந்ததும் நீலத்தைச் சரிக்கட்டிக்கொண்டு நிற்கும்.

நம் தோல் நிறத்துக்கு என்னென்ன பாட்டில்கள் வாங்குவது?

இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலானவை வெளிறிய தோலுக்கு எழுதியவை. அவற்றை அப்படியே பின்பற்றி, கடைசியில் கொஞ்சம் பழுப்பு கூட்டினால் போதும் என்று நினைப்பவர்களின் படத்தில் ஆள் விபூதி பூசியவர் போல நிற்பார்.

மாநிறத்துக்கும் கறுப்புக்கும் நான் நம்புவது மண்நிறங்களை: மஞ்சள் ஆக்சைடு (பி.ஒய்.42), டிரான்ஸ்பரன்ட் ரெட் ஆக்சைடு (பி.ஆர்.101), கரும்பழுப்பான பர்ன்ட் அம்பர் (பி.பி.ஆர்.7). ரெட் ஆக்சைடு என்றதும் மண்ணடி ஹார்ட்வேர் கடையில் இரும்பு கேட்டுக்கு வாங்கும் டப்பா நினைவுக்கு வரும். வேதிப்பொருள் உறவுதான், ஆனால் நமக்கு வேண்டியது மிக நுண்ணிய துகளாக அரைத்த டிரான்ஸ்பரன்ட் வகை. கேட்டுக்கு அடிப்பது அடியோடு மறைத்துவிடும். இவற்றோடு ஒரு குவினாக்ரிடோன் ரோஸ், ஒரு டயாக்சசீன் வயலட், ஒரு தாலோ நீலம் இருந்தால் வடசென்னையில் இருக்கும் எந்த முகத்தையும் தீட்டிவிடலாம். தாலோவை எச்சரிக்கையோடு கையாளுங்கள். ஒரு துளி அதிகமானால் கிண்ணம் முழுவதையும் விழுங்கிவிடும்.

கறுத்த தோலில் இன்னொரு நுட்பம் உண்டு. அதில் இரண்டு வெளிச்சங்கள் இருக்கின்றன. தோலுக்குள் போய்த் திரும்பும் வெளிச்சம் சூடானது: செம்பழுப்பு, தேன், ஆரஞ்சு. தோலின் மேற்பரப்பிலேயே பட்டுத் தெறிக்கும் பளபளப்போ தோலின் நிறத்தை வாங்குவதில்லை. வெளிச்சம் எங்கிருந்து வருகிறதோ அதன் நிறத்தைக் காட்டும். காசிமேட்டில் திறந்த வானத்தின் கீழ் நிற்கும் ஒருவரின் நெற்றியை, நிழல் பக்கம் திரும்பி நிற்கும்போது கவனியுங்கள். வியர்வைப் பளபளப்பில் வானத்தின் நீலம் இருக்கும். ஆகவே அந்தப் பளபளப்பில் வரும் நீலச் சாய்வு பிழையல்ல, அது அங்கே வேலை செய்கிறது. அதே நீலம் கன்னத்தின் நடுநிறத்தில் வந்தால்தான் முகம் சாம்பல் பூக்கிறது. எங்கே அனுமதிப்பது, எங்கே தடுப்பது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

நிழலுக்குக் கறுப்பு கலக்கலாமா?

மஞ்சள் ஆக்சைடில் கறுப்பு கலந்து பாருங்கள், பாசிப் பச்சை வரும். முகத்தில் அது எப்படித் தெரியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நிழலுக்கு அம்பரும் வயலட்டும் போதும். கண்மணிக்கும் மூக்குத் துளைக்கும் மட்டும் கறுப்பை வையுங்கள். அதிலும் கறுப்பு பாட்டிலுக்குப் பாட்டில் வேறு: கார்பன் துகளின் அளவைப் பொறுத்து, மெலிதாக அடிக்கும்போது சில பழுப்புக்கும் சில நீலத்துக்கும் சாயும்.

எந்த வரிசையில் அடுக்குவது?

ஒரு கன்னத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். வெளிச்சம் மேலே வலப்பக்கத்திலிருந்து வருகிறது. தீட்டப்போவது இடது கன்னம்.

முதலில் அம்பரை மிகவும் நீர்க்கக் கலந்துகொள்கிறேன். ஒரு பங்கு நிறத்துக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு ரெட்யூசர், அதாவது பெயிண்டை நீர்க்கச் செய்யும் திரவம். கிண்ணத்தைச் சாய்த்தால் ஓரத்தில் ஒட்டாமல் வழிந்து இறங்க வேண்டும். தண்ணீர் மட்டும் ஊற்றி இந்த அளவுக்கு நீர்த்தால் பசை உடைந்து நிறம் பலகையில் பிடிக்காது. ரெட்யூசரோடு, நிறமில்லாத பசையான டிரான்ஸ்பரன்ட் பேஸும் சேர வேண்டும். இந்தக் கலவையால் காதோரத்திலிருந்து தாடைக்கு இறங்கும் நிழலை மட்டும் போடுகிறேன். ஒரே வீச்சில் இருட்டைக் கொண்டுவர முயல்வதில்லை. பத்து வீச்சு வேண்டியிருந்தால் பத்து வீச்சு. இந்தக் கட்டத்தில் கன்னம் ஒரு பழுப்பு போட்டோ மாதிரி, நிறமில்லாமல், ஆனால் உருண்டையாகத் தெரிய வேண்டும். உருட்சி இங்கே வரவில்லையென்றால் பிறகு எந்த நிறமும் அதைத் தராது.

அடுத்து மஞ்சள் ஆக்சைடு. கன்னம் முழுவதும், வெளிச்சப் பகுதியிலும் சேர்த்து, ஒரு மெல்லிய வீச்சு. வெள்ளைத் தளம் இப்போது சூடாகிவிட்டது. பிறகு ரெட் ஆக்சைடு, கன்ன எலும்புக்குக் கீழே கூடுதலாக, மேலே குறைவாக. இங்கேதான் இரண்டாவது வகைச் சாய்வு தலைகாட்டும்: மூன்றாவது வீச்சு வரை தேன் நிறமாக இருந்தது, நான்காவது வீச்சில் திடீரென்று செங்கல்லாகிவிடும். டிரான்ஸ்பரன்ட் நிறங்கள் ஏற ஏற இருளுவது மட்டுமல்ல, நிறமே நகர்கிறது. ஒவ்வொரு அடுக்கிலும் ஒளி இருமுறை வடிகட்டப்படுகிறது, போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை. ஆகவே நினைத்த நிறத்துக்கு ஒரு வீச்சு முன்னதாகவே நிறுத்திவிட்டு அடுத்த நிறத்துக்குப் போய்விடுகிறேன். அடுத்த நிறம் மிச்ச வேலையைச் செய்துவிடும்.

தாடையோரம் வயலட் ஒரே ஒரு மெல்லிய வீச்சு. நிழல் பின்னுக்குப் போகும். கடைசியில் மறுபடி அம்பர், ஆழம் தேவைப்படும் இடத்தில் மட்டும். பிறகுதான் ரப்பரும் பிளேடும்.

இத்தனை வீச்சு என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்?

சோதனை அட்டை இல்லாமல் தெரியாது. படத்துக்குப் போட்ட அதே பிரைமரை ஒரு துண்டுப் பலகைக்கும் போடுங்கள். அதை மூன்று பட்டையாகப் பிரித்து, ஒன்றை வெள்ளையாக விடுங்கள், ஒன்றுக்கு நடுத்தரச் சாம்பல், ஒன்றுக்குக் கரும்பழுப்பு. மூன்றையும் குறுக்கே கடக்கும்படி ஒவ்வொரு நிறத்தையும் அடியுங்கள்: முதல் கட்டத்தில் ஒரு வீச்சு, அடுத்ததில் இரண்டு, பிறகு மூன்று என்று எட்டு வரை. பக்கத்தில் பென்சிலால் பாட்டில் பெயர், எத்தனை பங்கு நீர்த்தது, காற்றழுத்தம் எத்தனை பிஎஸ்ஐ என்று எழுதுங்கள். காய்ந்ததும் பாதி அட்டைக்கு மட்டும் கிளியர் கோட் போடுங்கள்.

சோம்பல் பட்டு இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம். பாட்டிலின் மேல் 'டிரான்ஸ்பரன்ட்' என்று அச்சடித்திருப்பதை நம்பிவிடுகிறார்கள். கரும்பழுப்புப் பட்டையில் எந்த நிறம் மூட்டமாகத் தெரிகிறதோ அதற்குள் வெள்ளையோ வேறு மறைக்கும் பொருளோ இருக்கிறது என்று அட்டை சொல்லிவிடும்.

முகம் ஏற்கெனவே நீலமாகிவிட்டது. மீட்க முடியுமா?

முடியும். நீலத்துக்கு எதிர்நிறம் ஆரஞ்சு. டிரான்ஸ்பரன்ட் மஞ்சளும் ரெட் ஆக்சைடும் கலந்து, மிக நீர்க்க, அந்த இடத்தின் மேல் மட்டும் ஒரு வீச்சு அடியுங்கள், காயவிட்டுப் பாருங்கள், தேவையென்றால் இன்னொன்று. நீலம் அடங்கும், ஆனால் ஒரு படி இருளும். அதை வெளிர்ப்பிக்க மறுபடி வெள்ளைக்குப் போனால் முடிவில்லாத சுற்றில் மாட்டிக்கொள்வீர்கள். வெள்ளை தெளிப்பது தவிர்க்க முடியாத இடமென்றால், தொடக்கத்திலேயே தேவைக்கு ஒரு படி வெளிறலாக விட்டு, பிறகு ஆரஞ்சுத் திரையால் இறக்கிக்கொள்வது நல்லது.

காய்ந்ததும் இருளுகிறது, கிளியர் கோட் அடித்ததும் இன்னும் இருளுகிறது. ஏன்?

இரண்டும் வேறு வேறு. அக்ரிலிக் பசை ஈரத்தில் பால்போல வெளுத்திருக்கும்; தண்ணீர் போனதும் கண்ணாடியாகத் தெளியும். அந்த வெளுப்பு நீங்குவதால் நிறம் ஒரு படி இருளுகிறது. ஏர்பிரஷ்ஷில் தெளிப்பு விழுந்தவுடனேயே காய்ந்துவிடுவதால் பலகையில் இது அவ்வளவாகத் தெரியாது. கிண்ணத்தில் பார்த்து நிறம் கலப்பவர்களைத்தான் இது ஏமாற்றும்.

கிளியர் கோட் விவகாரம் மேற்பரப்பைச் சேர்ந்தது. தெளித்துக் காய்ந்த பெயிண்ட் சொரசொரப்பானது. அந்தச் சொரசொரப்பில் பட்ட ஒளி நாலாபக்கமும் சிதறி, எல்லா நிறத்தின் மேலும் ஒரு வெள்ளை மூட்டம் போடுகிறது. கிளியர் கோட் அதை நிரவிவிடுகிறது. மூட்டம் போய் இருட்டு ஆழமாகிறது, சிவப்பு கொழுக்கிறது. பைக் டேங்கில் இது அதிகம். முன்கூட்டியே பார்க்க எளிய வழி, சோதனை அட்டையில் காய்ந்த நிறத்தின் மேல் ஈரத்துணியை ஒற்றுவது. அந்த ஈரம் காயும்வரை தெரிவதுதான் ஏறக்குறைய உங்கள் இறுதி நிறம்.

இன்னொன்று: சாயத்தால் செய்த 'கேண்டி' வகைச் சிவப்புகள் மேலே வரும் அடுக்குக்குள் ஊறி ஏறும். அதன் மேல் வைத்த வெள்ளை மறுநாள் ரோஸாகியிருக்கும். முகப்படத்துக்கு, கரைந்துபோகும் சாயத்துக்குப் பதிலாக நிறமித்துகள் கொண்ட பெயிண்டையே வாங்குங்கள். வெயிலிலும் அதுதான் தாங்கும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் வேலை செய்ய முடிகிறதா?

காலையில் ஒரு ஊர், மதியத்துக்குப் பிறகு வேறு ஊர். கோடையில் கடல்காற்று வருவதற்கு முன் காற்று காய்ந்து கிடக்கும். ஏர்பிரஷ்ஷின் ஊசி நுனியிலேயே பெயிண்ட் காய்ந்து அடைக்கும், பிறகு குபுக்கென்று துப்பும். துப்பிய இடம் மற்றதைவிடக் கனமாக விழுவதால் அதுவும் நிறம் மாறியதாகத்தான் தெரியும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள், ஈரத் தூரிகையால் நுனியை அவ்வப்போது துடையுங்கள். கடல்காற்று வந்ததும் ஈரம் ஏறும். இப்போது பிரச்சினை தலைகீழ்: அடுக்கு காயாமலே அடுத்ததை அடித்தால் சிலந்திக்கால் மாதிரி ஓடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அடுக்குக்கு அடுக்கு ஹேர் டிரையர் காட்டாமல் வேலை நகராது.

அழுத்திய காற்று குளிரும்போது அதிலிருக்கும் ஈரம் தண்ணீராகும். ராயபுரம், திருவொற்றியூர் மாதிரிக் கடலோரத்தில் கம்ப்ரசர் டேங்க்கைத் தினமும் வடிக்க வேண்டும். காற்றிலிருக்கும் தண்ணீரைப் பிடித்துவைக்கும் தண்ணீர்ப் பொறி கம்ப்ரசரில் ஒன்று, குழாயின் கைப்பிடிப் பக்கம் இன்னொன்று. ஒரு சொட்டுத் தண்ணீர் கன்னத்தில் விழுந்து வெண்புள்ளியானால் அன்றைய வேலை அம்போ.

கம்ப்ரசர், நாசில் எது?

டேங்க் உள்ள சிறிய பிஸ்டன் கம்ப்ரசர், அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரோடு. பஞ்சர் கடைக் கம்ப்ரசரிலிருந்து எண்ணெயும் வரும், வேண்டாம். மேலே கிண்ணம் வைத்த டபுள் ஆக்ஷன் ஏர்பிரஷ், அதாவது ஒரே விசையால் காற்றையும் பெயிண்டையும் தனித்தனியே கட்டுப்படுத்தும் வகை; பெயிண்ட் வெளிவரும் நாசில் 0.3 மி.மீ. முகத்துக்கு 15 முதல் 25 பிஎஸ்ஐ; நுண்வேலைக்கு அதற்கும் கீழே, பெயிண்டை மேலும் நீர்த்துக்கொண்டு.

அளந்து பார்த்தால் நிறம் சரி, ஆனால் படத்தில் மட்டும் நீலமாகத் தெரிகிறதே?

அது கண்ணின் வேலை. சூடான பழுப்புக்கு நடுவே வெறும் சாம்பலை வைத்தால் அது நீலமாகத் தெரியும். பாரிஸில் கோப்லான் நெசவாலையில் கறுப்பு நூலின் நிறம் ஆழமாக இல்லை என்று புகார் வந்தபோது, செவ்ரல் என்ற வேதியியலாளர் ஆராய்ந்து, குற்றம் சாயத்தில் இல்லை, பக்கத்து நிறத்தில் இருக்கிறது என்று கண்டார். 1839-இல் அதை விரிவாக எழுதி வெளியிட்டார். நமக்குத் தேவையான கருவி ஒரு சாம்பல் அட்டையும் அதில் சுண்டுவிரல் நுழையும் ஒரு துளையும். சந்தேகமான இடத்தைத் துளை வழியாகப் பாருங்கள். தனியாகப் பார்க்கும்போது சாம்பல் என்றால் பெயிண்டைத் தொடாதீர்கள். சுற்றியிருக்கும் நிறத்தின் சூட்டைச் சற்றுக் குறைத்துவிடுங்கள்.

வெளிச்சமும் இதில் சேர்த்திதான். மலிவான எல்இடியில் சிவப்பு ஒளி குறைவு; தோல் நிறம் செத்துத் தெரியும், நாமும் சிவப்பைக் கூட்டிக்கொண்டே போவோம். சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90-க்கு மேல் போட்ட, பகல் வெளிச்சம் போன்ற 5000 கெல்வின் அளவிலான விளக்கு வாங்குங்கள். கைபேசியில் படம் எடுத்து நிறம் ஒப்பிடுவதை விட்டுவிடுங்கள். அது ஒவ்வொரு தடவையும் தானாகவே வெள்ளையைத் திருத்திக்கொள்கிறது.

சுவரில் தீட்டும்போது?

முதலில் சுவரைத் தடவிப் பாருங்கள். உப்புப் பூத்த சுவரில் எத்தனை நுட்பமாக அடுக்கினாலும் உள்ளிருந்து உப்பு ஏறி முகத்தை வெளுப்பாக்கிவிடும். கசிவை நிறுத்தி, சுரண்டி, காரம் தாங்கும் பிரைமர் போட்ட பிறகுதான் பெயிண்ட். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் பாதையோரம் என்றால், ராத்திரி படிந்த தூசியைத் துடைக்காமல் காலையில் அடுத்த அடுக்கைத் தொடாதீர்கள். அந்தத் தூசிக்கும் நிறம் உண்டு. சுவரில் அழிக்கும் வேலை நடக்காது என்பதால் மறைக்கும் நிறங்கள் தவிர்க்க முடியாதவை. அங்கே ஒவ்வொரு வெளிர்நிறக் கலவையிலும் முன்கூட்டியே ஆரஞ்சு சேர்த்துவிடுகிறேன்.

மங்கிய பழைய போட்டோவைத்தான் கொடுக்கிறார்கள். அதிலிருந்து நிறம் எப்படி எடுப்பது?

எடுக்காதீர்கள். பழைய கலர் போட்டோக்கள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம் மங்கிப்போய் ஆள் செம்பழுப்பாகத் தெரிவார். அது அவர் நிறமல்ல. போட்டோவைக் கறுப்புவெள்ளையாக்கி, வெளிச்சமும் நிழலும் மட்டும் அதிலிருந்து எடுங்கள். நிறத்துக்கு அவருடைய மகனையோ தங்கையையோ பகலில் வாசலில் நிற்கவைத்து, முகத்துக்குப் பக்கத்தில் சோதனை அட்டையைப் பிடித்துப் பாருங்கள். வீட்டார் உடனே பேச ஆரம்பிப்பார்கள்: "அப்பா இவனைவிட ஒரு மாற்று கறுப்பு", "அத்தை நிறம்தான் அவருக்கு." அந்தப் பேச்சைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

"கொஞ்சம் சிவப்பாகப் போட்டுக்கொடுங்கள்" என்று கேட்டால்?

அடிக்கடி கேட்பார்கள். கூலி தருகிறவர் அவர்தான் என்றாலும் நான் செய்வதில்லை. காரணத்தில் பாதி தொழில்நுட்பம்: கறுத்த முகத்தை வெளிர்ப்பிக்க வெள்ளை கலக்கத்தான் வேண்டும், அதோடு சாம்பல் வந்து உட்காரும். வெளிச்சம் படும் பக்கத்தை அகலமாக்கி, ரெட் ஆக்சைடைக் கூட்டித் தீட்டிக் காட்டினால் பெரும்பாலானவர்கள் சமாதானமாகிவிடுகிறார்கள். அவர்கள் கேட்டது வெளுப்பை அல்ல, பொலிவை. அதற்கும் மசியாதவரிடம், வேறு ஓவியர் பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். இன்னொருவர் தகப்பனாரின் முகத்தை மாற்றிக் கொடுக்கும் உரிமை எனக்கு இல்லை.

வீட்டுக்குள் அடிக்கலாமா?

ஒற்றை அறை வீட்டில், குழந்தை தூங்கும் இடத்தில் கூடாது. தண்ணீர் பெயிண்ட் என்றாலும் தெளிப்பு நுண்துகள் நுரையீரலுக்குள் போகும். துகளுக்கு என்95 முகக்கவசம் போதும். தின்னர் ஆவிக்கு அது போதாது, ஆவி உறிஞ்சும் கார்ட்ரிட்ஜ் வைத்த முகக்கவசம் வேண்டும். காட்மியம், ஈயம், கோபால்ட் உள்ள நிறங்களைத் தெளிக்கவே கூடாது, தூரிகைக்கு மட்டும். பைக் டேங்குக்கு அடிக்கும், இரண்டு டப்பாவைக் கலந்து தயாரிக்கும் கிளியர் கோட்டில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, ஆஸ்துமாவை வரவழைக்கும். அதைப் பெயிண்டிங் அறை உள்ள பட்டறையில் கொடுத்து அடித்து வாங்குங்கள்.

மிஞ்சிய கலவையை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாமா?

டிரான்ஸ்பரன்ட் கலவையென்றால் மூடிவைத்து, மறுநாள் வடிகட்டி, சோதனை அட்டையில் ஒருமுறை அடித்துப் பார்த்துப் பயன்படுத்தலாம். வெள்ளை கலந்ததை ஊற்றிவிடுங்கள். டைட்டானியம் வெள்ளையின் அடர்த்தி 4-க்கு மேல். ரோஸ், வயலட் மாதிரி நிறமிகளுக்கு 1.5 அளவுதான். நீர்த்த கலவையில் வெள்ளை முதலில் அடியில் தங்கிவிடும். மேல்பாகம் ஒரு நிறம், அடிப்பாகம் வேறு நிறம். மறுநாள் வரைகூடப் போக வேண்டாம், அரைமணி நேரம் ஒரே கிண்ணத்தை வைத்துக்கொண்டு கன்னம் அடித்தாலே இது நடக்கும். காது பக்கம் தொடங்கும்போது ஒரு நிறம், மூக்குக்கு வரும்போது இன்னொரு நிறம் என்று ஆனால் ஒளியியலையெல்லாம் தேட வேண்டாம். கிண்ணத்தைத் தூரிகைக் காம்பால் கிளறிவிட்டுத் தொடருங்கள்.